பழைய ரைஃபிளும் அடிபட்ட கட்டைவிரலும்: கேள்வி பதில்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம், சுருக்கமாக சிஎம்பி, பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி "எவ்வளவு மலிவு?" என்பதுதான். அந்தக் காலம் மலையேறிவிட்டது. கையிருப்பு குறையக் குறைய விலை ஏறிக்கொண்டே போகிறது. மற்ற கேள்விகளுக்கு வருவோம்.

கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ரைஃபிளான எம்1 கேரண்ட் ஒன்று வாங்க முடியுமா? (எடிசன், நியூ ஜெர்சி)

சிஎம்பியிடம் முடியாது. வாங்குபவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயதைக் கடந்திருக்க வேண்டும், சிஎம்பியுடன் இணைந்த ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுச் சாதாரணக் கடையில் வாங்கலாம், கேரண்ட் அங்கும் கிடைக்கும். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்குக் கடையிலும் பொதுவாகத் தடைதான். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைச் சொல்லி நண்பர்கள் உசுப்பிவிடுவார்கள். வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் காலை வைக்காதீர்கள்.

குடிமகன்தான், ஆனால் எந்தச் சங்கத்திலும் இல்லை. துப்பாக்கி சுட்டேன் என்பதற்கு வேறு சான்று கேட்கிறார்கள். கடையில் இல்லாத கெடுபிடி இங்கே எதற்கு? (ஆஸ்டின்)

இது கடை இல்லை, அதனால்தான். ஓரளவு குறிபார்த்துச் சுடத் தெரிந்த குடிமக்கள் இருந்தால் போர்க்காலத்தில் படைக்கு ஆள் எடுப்பது எளிது என்ற எண்ணத்தில் அமெரிக்க காங்கிரஸ் 1903இல் ஒரு வாரியம் அமைத்தது. 1916இல் அதற்கென்று ராணுவத்தில் ஓர் இயக்குநர் அலுவலகம் வந்தது. 1996 முதல் அரசிலிருந்து பிரிந்து, லாப நோக்கமில்லாத தனி நிறுவனமாக நடக்கிறது. ரைஃபிள் விற்று வரும் பணம் பயிற்சிக்கும் சிறுவர்களுக்கான போட்டிகளுக்கும் போகிறது. ஆகவே "நீ சுடுகிறவன்தானா?" என்று அவர்கள் கேட்பது நியாயம்.

சான்று பெரிய மலை இல்லை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிய தாள், சங்கப் போட்டியின் மதிப்பெண் பட்டியல், ராணுவப் பணிச் சான்று எதுவானாலும் செல்லும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தச் சான்று வேண்டாம், ஆனால் குடியுரிமைச் சான்றும் உறுப்பினர் அட்டையும் வேண்டும். பக்கத்தில் சங்கம் இல்லையென்றால் கேரண்ட் கலெக்டர்ஸ் அசோசியேஷனில் சேர்ந்தாலே அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். ஆனால் என் ஆலோசனை, ஒரு மணி நேரம் கார் ஓட்ட நேர்ந்தாலும் உள்ளூர்ச் சங்கத்தில் சேருங்கள் என்பதே. அட்டை துப்பாக்கியை வாங்கித் தரும், சுடக் கற்றுத் தராது.

வீட்டு வாசலுக்கே அனுப்புவார்களாமே, உண்மையா? (ராலே)

உண்மை. ரைஃபிளை மாநிலம் விட்டு மாநிலம் நேரடியாக அனுப்ப சிஎம்பிக்குச் சட்டத்தில் தனி விலக்கு உண்டு. பின்னணிச் சோதனையை அவர்களே செய்துவிடுவார்கள். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் மட்டும் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் வரும். பெட்டி வரும் நாளில் கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இருக்கட்டும்.

ரேக், ஃபீல்டு, சர்வீஸ், ஸ்பெஷல் என்று ரைஃபிளைத் தரம் பிரிக்கிறார்கள், தலை சுற்றுகிறது. எதை வாங்குவது? (மிச்சிகன்)

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரேக் என்பது அடிமட்டம்: மரத்தில் கீறல், இரும்பில் துருக்குழி, ஆனாலும் சுடும். அதற்கு மேல் ஃபீல்டு, அதற்கும் மேல் சர்வீஸ். ஸ்பெஷல் என்றால் பழைய உடலில் புதிய குழலும் புதிய மரக்கட்டையும் பூட்டியது. கரெக்ட், கலெக்டர் இரண்டும் சேகரிப்பாளர்களுக்கு, அந்தப் பக்கம் நான் போவதில்லை.

பெயரை விடுங்கள், குழலின் தேய்மானத்தைப் பாருங்கள். குழலின் இரு முனைகளையும் அளவுகோல் நுழைத்துப் பார்ப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் தேய்மானம் குறைவு. சர்வீஸ் தரத்தில் குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் சுமார் 3க்குள்ளும், தோட்டா அமரும் தொண்டைப் பக்கம் 5க்குள்ளும் இருக்கும். வெறும் சுடுவதற்கு என்றால் சர்வீஸ் வாங்குங்கள். கைவேலை தெரிந்தவராக இருந்தால் ரேக் வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணெய் தேய்த்து மரத்தை மீட்கலாம். என்னுடையது ரேக்தான். அதன் மரக்கட்டை முதலில் கழுவாத கடாய் மாதிரி இருந்தது.

என்னுடையதில் பாகங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தினுடையவை. ஏமாற்றிவிட்டார்களா? (டேடன்)

இல்லை. ராணுவப் பட்டறையில் நூறு துப்பாக்கியை ஒன்றாகப் பிரித்துப்போட்டு, நல்ல பாகங்களை எடுத்து மீண்டும் கோத்தார்கள். எது யாருடையது என்று எவரும் கவலைப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் கேரண்டை அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியும் வின்செஸ்டர் நிறுவனமும் செய்தன, வின்செஸ்டரின் பங்கு 5 லட்சத்துக்குச் சற்று மேல். கொரியப் போர்க்காலத்தில் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனும், டிராக்டர் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்தன. எல்லாம் அச்சாக ஒரே தயாரிப்பில் இருக்கும் கேரண்ட் கிடைத்தால், பின்னால் யாரோ உட்கார்ந்து தேடிச் சேர்த்தது என்று சந்தேகப்படுவேன்.

இன்னும் எத்தனை நாள் கிடைக்கும்? (சிகாகோ)

இவை பெரும்பாலும் அமெரிக்கா நட்பு நாடுகளுக்குக் கடனாகக் கொடுத்துத் திரும்பப் பெற்றவை. கிரீஸிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்தவை நல்ல நிலையில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் பிலிப்பைன்ஸிலிருந்து ஏறக்குறைய 86,000 வந்தன. அந்த ஈரக்காற்றில் பல துருவேறி, மரம் உளுத்துக் கிடந்தன. புதிதாக யாரும் ராணுவத்துக்குக் கேரண்ட் செய்யப்போவதில்லை. வாங்க நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எம்16 எப்போது விற்பார்கள்? (டல்லஸ்)

விற்கமாட்டார்கள். கேரண்டுக்குப் பின் வந்த எம்14, எம்16 ராணுவ ரைஃபிள்கள் இரண்டையும் சட்டம் இயந்திரத் துப்பாக்கியாகவே பார்க்கிறது. உள்பாகத்தை மாற்றினாலும் அந்தப் பெயர் போகாது.

1911 மாடல் ராணுவக் கைத்துப்பாக்கி கிடைக்குமா? (சியாட்டில்)

2018 முதல் விற்கிறார்கள். ஆண்டுக்கு இத்தனைதான் என்று வரம்பு இருப்பதால் குலுக்கல் எண் முறை வைத்தார்கள். இது வீட்டுக்கு வராது, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வயதும் 21 ஆகியிருக்க வேண்டும்.

மாமனார் கொடுத்த வேட்டைத் தோட்டாக்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. கேரண்டின் அதே .30-06 அளவுதான். சுடலாமா? (பிட்ஸ்பர்க்)

வேண்டாம்! தோட்டா உள்ளே பொருந்தும், வெடிக்கவும் செய்யும், கெடுதல் மெதுவாகத் தெரியும். கேரண்டுக்கு ஒத்துப்போவது சுமார் 150 கிரெய்ன் (ஏறக்குறைய 10 கிராம்) எடைக் குண்டு உள்ள ராணுவத் தோட்டா. சுட்ட வாயுவில் கொஞ்சம் குழலின் முன்பக்கத் துளை வழியாக வந்து, ஒரு நீண்ட தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கனமான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் உள்ள வேட்டைத் தோட்டாவில், அந்தத் துளையருகே அழுத்தம் அளவுக்கு மீறிப்போகும். தண்டு வளையும். சிஎம்பியே விற்கும் தோட்டா அல்லது கேரண்டுக்கென்று பெட்டியில் எழுதியதை வாங்குங்கள்.

சந்தையில் 1940களின் பெட்டி கிடைத்தால் இன்னொன்றும் கவனியுங்கள். அதன் எரியூட்டியில் உப்பு மிஞ்சும் ரசாயனம் இருக்கலாம். கடற்கரை வீட்டுச் சைக்கிள் போல ஒரே வாரத்தில் குழல் சிவந்துவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. முதலில் வெந்நீர், உலர்த்திய பிறகு எண்ணெய்.

"கேரண்ட் கட்டைவிரல்" என்கிறார்களே, அது என்ன? (பல ஊர்களிலிருந்து)

எட்டுத் தோட்டா உள்ள கிளிப்பை (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு) மேலிருந்து அழுத்தியதும், தோட்டா அறையை மூடும் இரும்பு அடைப்பு தானாக முன்னே பாயும். விரலை எடுக்காவிட்டால் நசுக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தால் ரைஃபிளின் வலப்பக்கக் கைப்பிடியைத் தடுத்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்திவிட்டு, விரலை எடுத்த பின் கையை விடுங்கள். ஆனால் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது சுடும்போது இல்லை, துடைக்கும்போது. தோட்டா இல்லாத துப்பாக்கிக்குள் விரலைவிட்டு அடித்தட்டை அழுத்துவோம், கைப்பிடியைப் பிடிக்க மறந்திருப்போம். எனக்கும் அப்படித்தான், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே. நகம் கறுத்து விழ ஒன்றரை மாதம் ஆனது. வீட்டில் யாரும் பரிதாபப்படவில்லை.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. (ஃபீனிக்ஸ்)

இரும்புப் பெட்டி முதலில், ரைஃபிள் பிறகு. தோட்டா வேறு பூட்டில். பெட்டி வாங்கப் பணம் போதவில்லை என்றால் ரைஃபிளுக்கும் போதவில்லை.

ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்ட ஆசை. (சான் அன்டோனியோ)

ஆசையைப் புகைப்படத்தோடு நிறுத்துங்கள். இங்கே ஏற்றுமதி அனுமதி வேண்டும், அங்கே இந்தியச் சட்டம் இந்த மாதிரி ராணுவ ரைஃபிளைத் தனிநபர் கையில் பொதுவாக அனுமதிப்பதில்லை.

வாங்கிவிட்டேன். இனி? (கிளீவ்லண்ட்)

உங்களுக்குப் பக்கத்திலேயே, ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம். இந்த ரைஃபிளை வடிவமைத்த ஜான் சி. கேரண்ட் பெயரில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். இலக்கு 200 கெஜ தூரத்தில். வேகச் சுற்றில் பத்துத் தோட்டா என்பதால் முதல் கிளிப்பில் இரண்டு, அடுத்ததில் எட்டு. இரண்டு தோட்டாவோடு கிளிப்பை நேராக உட்கார வைப்பதை வீட்டிலேயே போலித் தோட்டா வைத்துப் பழகிவிட்டு வாருங்கள். தொப்பியும் கொண்டுவாருங்கள், அங்கே நிழல் கிடையாது.