டி அன்சாவிலிருந்து யூ.எஸ்.சி.க்கா, டேவிஸுக்கா?

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மகளுக்கு யூ.எஸ்.சி. (லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தனியார் பல்கலைக்கழகம்), யூ.சி. டேவிஸ் (கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம்) இரண்டிலும் பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், எதைத் தேர்ந்தெடுப்பது என்றும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். டி அன்சா என்ற இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் அவள் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் பேசியது உங்கள் மனதில் இன்னும் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் இந்த முடிவில் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

எல்லோரும் கட்டணத்தைத்தான் முதலில் ஒப்பிடுவார்கள். நான் யூனிட்டை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் மதிப்பெண் அலகை, பார்க்கச் சொல்வேன். டி அன்சாவும் டேவிஸும் குவார்ட்டர் முறை (கோடை போக ஆண்டுக்கு மூன்று பருவம்), யூ.எஸ்.சி. செமஸ்டர் முறை (ஆண்டுக்கு இரண்டு பருவம்). மூன்று குவார்ட்டர் யூனிட் இரண்டு செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம். அவள் முடித்த 90 யூனிட் யூ.எஸ்.சி.யில் 60 ஆகத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எதுவும் குறைந்துவிடவில்லை. எந்தெந்தப் பாடத்தை ஏற்கவில்லை என்பதில்தான் கவனம் வேண்டும்.

யூ.எஸ்.சி.யில் பட்டத்துக்கு 128 யூனிட். வெளியிலிருந்து அதிகபட்சம் 64 தான் எடுத்துக்கொள்வார்கள். செமஸ்டருக்கு 12 முதல் 18 யூனிட் வரை ஒரே கட்டணம். அவளுடைய 60-ம் ஏற்கப்பட்டால் மீதி 68. செமஸ்டருக்கு 17 வீதம் நான்கு செமஸ்டரில் முடித்துவிடலாம், கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும். 50 மட்டும் ஏற்கப்பட்டால் மீதி 78. செமஸ்டருக்கு 18 எடுத்தாலும் நான்கு செமஸ்டரில் 72 தான் ஆகும். அப்புறம் கோடை வகுப்புக்குத் தனிக் கட்டணம், அல்லது ஐந்தாவது செமஸ்டர். ஆண்டுக் கட்டணம் 70,000 டாலருக்கு மேல் இருக்கிறபோது ஒரு செமஸ்டர் என்றால் 35,000-க்கு மேல். தங்குவதும் சாப்பாடும் தனி. டி அன்சாவில் யூனிட்டுக்கு 31 டாலர் கட்டி மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

இன்னொன்று. அவள் ஐஜெட்சி (IGETC, கம்யூனிட்டி காலேஜிலேயே முடிக்கும் பொதுப் பாடத் தொகுப்பு) முடித்திருப்பதால் டேவிஸில் கீழ்நிலைப் பொதுப் பாடங்கள் மொத்தமாக முடிந்த கணக்கு. யூ.எஸ்.சி. அதை ஏற்பதில்லை, பாடம் பாடமாகத்தான் பார்க்கும். ரைட்டிங் 340 என்ற மேல்நிலை எழுத்துப் பாடத்தை அங்கேயேதான் படிக்க வேண்டும். பொருளாதாரம் இருக்கும் டோர்ன்சைஃப் கல்லூரியில் அயல்மொழி மூன்றாம் நிலை வரை கேட்பார்கள். அவள் டி அன்சாவில் ஸ்பானிஷ் எதுவரை படித்தாள் என்று கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், எந்தப் பாடங்களை ஏற்றார்கள் என்று யூ.எஸ்.சி. தரும் டிரான்ஸ்ஃபர் கிரெடிட் ரிப்போர்ட்டை வாங்கி, துறை ஆலோசகரிடம் காட்டி, எத்தனை செமஸ்டர் ஆகும் என்று மின்னஞ்சலில் பதில் கேட்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது.

சரி, பணம். உதவித்தொகைக் கடிதத்தில் திருப்பிக் கட்ட வேண்டாத கிராண்ட் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து ஏமாந்த பெற்றோர் நிறையப் பேர். உங்கள் கணவருக்குச் சென்ற ஆண்டு வேலை போனது என்கிறீர்கள். ஆனால் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. (FAFSA, கூட்டரசு மாணவர் உதவிக்கான விண்ணப்பம்) பார்ப்பது இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தை, அதாவது அவர் முழுச் சம்பளம் வாங்கிய ஆண்டை. வேலைநீக்கக் கடிதத்தையும் இப்போதைய வருமான விவரத்தையும் வைத்து யூ.எஸ்.சி.யின் நிதியுதவி அலுவலகத்தில் உடனே மேல்முறையீடு செய்யுங்கள். இதில் தயக்கமே வேண்டாம். இதற்கென்றே ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். டேவிஸுக்கும் இதையே செய்யுங்கள்.

மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவருக்குப் பெற்றோரைச் சார்ந்தவர் என்றால் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 7,500 டாலர் வரை கிடைக்கும். யூ.எஸ்.சி. செலவில் கிராண்ட் போக, உங்கள் கைக்காசும் போக, மிச்சம் இந்த 7,500-க்குள் அடங்கி, படிப்பும் நான்கு செமஸ்டரில் முடியும் என்றால் தயங்காமல் அனுப்புங்கள். அங்கே படித்து வெளியேறியவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது உண்மை, லாஸ் ஏஞ்சலிஸில் வேலை தேடுபவளுக்கு அது உதவும். பேரன்ட் பிளஸ் (பெற்றோர் பெயரில் வாங்கும் கூட்டரசுக் கடன்) வாங்க வேண்டும், வீட்டின் மேல் கடன் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் டேவிஸ்தான் என் பதில். ஒரு சம்பளம் நின்றுபோன வீட்டில் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். டேவிஸ் பொருளாதாரம் யாருக்கும் குறைந்த படிப்பில்லை.

எங்கே போனாலும் அவளுக்கு நடுவில் ஒரே ஒரு கோடைதான். அந்தக் கோடையில் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கான ஆள் எடுப்பு முதல் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். ரெஸ்யூமேயை இப்போதே தயார் செய்யச் சொல்லுங்கள்.

டேவிஸுக்கு ஜூன் 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். யூ.எஸ்.சி.யின் ரிப்போர்ட் வந்ததும் இரண்டு உதவிக் கடிதங்களையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.