எல்லா உப்பிலும் குளோரைடு வருகிறதா? முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

கேள்வி: குமரி மாவட்டம் மணக்குடிப் பக்கம் பிளஸ் டூ படிக்கிறேன். கார்பனேட்டோ நைட்ரேட்டோ, எந்த உப்பைக் கொடுத்தாலும் சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளையாகிவிடுகிறது. குளோரைடு என்று எழுதி மார்க் போகிறது. உப்பைக் கிணற்றுத் தண்ணீரில்தான் கரைக்கிறோம். எங்கே தப்பு?

பதில்: தப்பு தண்ணீரில்தான். புத்தளம், சாமிதோப்பு என்று உப்பளங்கள் உள்ள கரை உங்களுடையது. கரிப்பே தெரியாத நல்ல தண்ணீரும் இந்தச் சோதனைக்கு ஆகாது. குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சில்வர் நைட்ரேட்டோ சில மில்லிகிராமுக்கே கலங்கிவிடும்.

உப்பே போடாமல் ஒரு வெற்றுச் சோதனை செய்யுங்கள். கிணற்று நீர் 2 மி.லி., நீர்த்த நைட்ரிக் அமிலம் 5 சொட்டு, சில்வர் நைட்ரேட் 3 சொட்டு. பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்துப் பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர்போல மங்கியிருக்கும். காய்ச்சி வடித்த நீரில் இதையே செய்தால் பளிங்காக நிற்கும். குளோரைடு உப்பு என்றால் தயிர்போலத் திரிதிரியாக விழும். விழுந்த வெள்ளை அம்மோனியாவில் கரைகிறதே, அப்படியானால் உப்பு குளோரைடுதான் என்று மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: கிணற்றுக் குளோரைடும் சில்வர் குளோரைடாகத்தான் விழுகிறது, அதுவும் கரையும்.

ஆகவே கரைப்பது, சோடியம் கார்பனேட் சாறு எடுப்பது (உப்பைச் சோடியம் கார்பனேட்டுடன் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவது), சில்வர் நைட்ரேட் கரைசல் தயாரிப்பது எல்லாமே காய்ச்சி வடித்த நீரில்தான். குழாய்த் தண்ணீரில் கழுவிய டெஸ்ட் டியூபைக் காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை அலசுங்கள். கட்டைவிரலால் வாயை மூடிக் குலுக்கவே கூடாது. வியர்வையிலும் குளோரைடு உண்டு. சாற்றில் நைட்ரிக் அமிலம் விடும்போது நுரைப்பு முழுதாக அடங்கும்வரை விடுங்கள். கார்பனேட் மிச்சமிருந்தால் சில்வர் கார்பனேட் விழுந்து மறுபடி குழப்பும். அவசரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலை எடுத்துவிட்டால் சோதனையே பாழ்.

சந்தேகம் தீராவிட்டால் தண்ணீர் தேவைப்படாத குரோமைல் குளோரைடு சோதனைக்குப் போங்கள். உலர்ந்த டெஸ்ட் டியூபில் ஒரு சிட்டிகை திட உப்பு, அதே அளவு பொட்டாசியம் டைகுரோமேட், சில சொட்டு அடர் கந்தக அமிலம். ஆசிரியர் பக்கத்தில் இருக்க, இதமாகச் சூடாக்குங்கள். செம்பழுப்பு ஆவி வரும். ஆவி வந்ததை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், புரோமைடும் அப்படித்தான் புகையும். ஆவியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செலுத்துங்கள்: மஞ்சளானால் குளோரைடு, நிறமற்றுப் போனால் புரோமைடு.

பள்ளியில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டால் கடையில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் பெரும்பாலும் போதும். கேன் திறந்ததும் அதற்கும் ஒரு வெற்றுச் சோதனை போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குடிக்கிற கேன் தண்ணீர் வேண்டாம், அதிலும் குளோரைடு மிச்சமிருக்கும்.