காலையில் கண் திறந்தால் சுளீர் வலி: எந்தச் சொட்டு மருந்து வாங்குவது?

கேள்வி: குழந்தையின் நகம் பட்டுக் கண்ணில் கீறல் விழுந்து ஆறிவிட்டது. ஆனாலும் அவ்வப்போது விடிகாலையில் கண்ணைத் திறந்ததும் சுளீரென்று வலித்து, தண்ணீராகக் கொட்டுகிறது. 'ரெக்கரண்ட் கார்னியல் இரோஷன்' (கருவிழியின் மேல் படலம் திரும்பத் திரும்பப் பிய்வது) என்று சொன்ன டாக்டர் ராத்திரிக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். பார்வை மங்குகிறது என்று அதை விட்டுவிட்டேன். பகலில் போட விலை கூடிய சொட்டு மருந்துகளை மாற்றி மாற்றி வாங்குகிறேன், வலி நின்றபாடில்லை. எந்த பிராண்ட் நல்லது?

பதில்: பிராண்டை விடுங்கள். உங்களுக்கு வேண்டிய மருந்தை ஏற்கெனவே வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறீர்கள், அந்தக் களிம்புதான் அது.

கருவிழியின் மேல் படலம் கீறல் விழுந்த சில நாட்களிலேயே மூடிக்கொள்ளும். ஆனால் அது அடியில் உள்ள அடுக்கோடு இறுகப் பிடித்துக்கொள்ள வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். தூங்கும்போது கண்ணீர் சுரப்பது குறைவதால் இமை அந்தத் தளர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது, காலையில் சட்டென்று கண்ணைத் திறந்ததும் படலம் இமையோடு சேர்ந்து பிய்ந்து வருகிறது. வினை நடப்பது ராத்திரியிலும் விடியலிலும். சொட்டு மருந்து சில நிமிடங்களில் கண்ணை விட்டு வடிந்துவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது விடியும்வரை நிற்காது, களிம்புதான் நிற்கும்.

பார்வை மங்கத்தான் செய்யும். அதனால் எல்லா வேலையும் முடித்து, விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் போடுங்கள். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, ட்யூப் முனை இமை முடியில் படாமல், ஒரு அரிசி நீளத்துக்கு உள்ளே விட்டால் போதும். சொட்டு மருந்தும் போடுவதாக இருந்தால் அது முதலில், பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. வலி போனதும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது, அப்புறம் திரும்பி வந்துவிட்டது என்பார்கள். வலியே இல்லாவிட்டாலும் குறைந்தது 3 மாதமாவது தொடரச் சொல்வதுதான் டாக்டர்களின் வழக்கம். உங்கள் டாக்டர் எத்தனை மாதம் சொல்கிறாரோ அத்தனை மாதம் போடுங்கள்.

அட்டையில் 'ஒயிட் சாஃப்ட் பாரஃபின்', 'லிக்விட் பாரஃபின்' என்று இருந்தால் அது சாதாரண உயவுக் களிம்பு. லனோலின் சேர்ந்ததும் உண்டு, கம்பளி ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். 5% சோடியம் குளோரைடு களிம்பு வேறு வகை: படலத்தில் ஊறியிருக்கும் நீரை இழுத்துவிடும், போட்டதும் எரியும். டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். உப்புதானே என்று வீட்டில் கரைத்து ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டாம்.

சரி, பகலுக்கு? ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் போடுவதாக இருந்தால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகப் பாருங்கள். மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவான பென்சல்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் ஏற்கெனவே நொந்த படலத்தை அதுவே இன்னும் அரிக்கும். மற்றபடி கண்ணை ஈரமாக வைக்கும் மருந்தான கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5% என்று இரண்டு பெட்டியிலும் இருந்து, பிரிசர்வேட்டிவ் விஷயமும் ஒன்றாக இருந்தால், விலை குறைந்ததை எடுங்கள். 1% கொஞ்சம் கெட்டி, கூடுதல் நேரம் நிற்கும், கொஞ்சம் மங்கலாக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்கவே கூடாத சிலதும் உண்டு. நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் உள்ள 'சிவப்பு போக்கும்' சொட்டுகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு சரி, நிறுத்தினால் சிவப்பு கூடிக்கொண்டு வரும். யாருக்கோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டையும் தொடாதீர்கள். வலி தாங்காமல் மரத்துப்போக வைக்கும் சொட்டைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றையும்விட மோசம். அது புண்ணை ஆறவிடாது, தொடர்ந்து போட்டால் கருவிழியே கரைந்துபோகும்.

காலையில் கண்ணை உடனே திறக்காதீர்கள். தலைமாட்டில் ஒற்றை உபயோகச் சொட்டுக் குப்பி ஒன்று இருக்கட்டும். மூடிய கண்ணின் மூக்கோரத்தில் இரண்டு சொட்டு விட்டு, மூடிய இமைக்குள் விழியை லேசாக உருட்டிவிட்டு, மெதுவாகத் திறங்கள். கசக்கவே கூடாது. மின்விசிறிக் காற்றோ ஏசி காற்றோ நேராக முகத்தில் அடிக்காமல் படுக்கையைத் திருப்பிப் போடுங்கள், இதற்குச் செலவும் இல்லை.

கேள்வி: இதே தொல்லை எனக்கும் உண்டு. கண்ணுக்குக் கட்டுப் போடுவது மாதிரி 'பேண்டேஜ்' கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறதாமே, நானே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அந்த லென்ஸ் ராத்திரியும் கண்ணிலேயே இருக்கும், அடியில் திறந்த புண். கிருமி புகுந்தால் பார்வைக்கே ஆபத்து. அதனால்தான் டாக்டர் அளவு பார்த்துத் தாமே பொருத்தி, பெரும்பாலும் ஆன்டிபயாடிக் சொட்டும் கொடுத்து, திரும்பி வரச் சொல்கிறார். களிம்பை ஒழுங்காகப் போட்டும் வலி திரும்பத் திரும்ப வந்தால் தளர்ந்த படலத்தைச் சுரண்டி எடுப்பது, பிடிகே என்ற லேசர் சிகிச்சை என்று அடுத்த வழிகள் இருக்கின்றன, கார்னியா நிபுணரிடம் கேளுங்கள். வலி சில மணி நேரத்தில் தணியாமல் கூடிக்கொண்டே போனாலோ, பார்வை குறைந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, சீழ் வந்தாலோ மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.