ஸ்டார்ம்ஸ்கோப் ஆன்டெனாவ எங்க மாட்டுறது: வந்த கேள்விகளும் பதிலும்

ஃப்ளோரிடால மத்தியானம் மேகம் கட்ட ஆரம்பிச்சதும் எனக்கு வர்ற கேள்வில பாதி ஸ்டார்ம்ஸ்கோப் ஆன்டெனா பத்திதான். ஸ்டார்ம்ஸ்கோப்னா பிளேன்ல இருந்தே மின்னல கண்டுபிடிச்சு, அது எந்த பக்கம்னு திரையில புள்ளியா காட்டுற கருவி. ஓட்டை போடுறதுக்கு முன்னாடி கேக்குறவங்களுக்கு நன்றி. போட்டுட்டு கேக்குறவங்க மூணாவது பதில கண்டிப்பா படிங்க.

செஸ்னா 172 (ஒத்த இன்ஜின் சின்ன பிளேன்) வச்சிருக்கேன். மேல மாட்டணுமா, வயித்துலயா?

172ல பெரும்பாலும் வயிறுதான் ஒத்துவரும், ஏன்னா மேல ஏற்கனவே காம் (பேசுற ரேடியோ) ஆன்டெனா, ஜிபிஎஸ்னு கூட்டம், ரெண்டு இறக்கைக்கும் போற லைட் வயரிங்கும் அந்த கூரை வழியாதான் போகுது. ஆனா கீழயும் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு பதில் சொல்றது), டிஎம்இ (தூரம் அளக்குறது) ஆன்டெனா எல்லாம் இருக்கும், அதுங்க பக்கத்துல ஒட்டிக்காம நடுக்கோட்டுல பின்னாடி தள்ளி இடம் தேடுங்க. எக்ஸாஸ்ட் கரியும் ஆயிலும் வழியுற தடம் வேண்டாம். முதல்ல டேப் போட்டு ஒட்டி சோதிங்க, அப்புறம் டிரில்.

சார், என் பிளேன்ல எங்க மாட்டலாம்? அவசரம்.

என்ன பிளேன்னு சொல்லலையே! மாடல், எத்தன இன்ஜின், உடம்பு அலுமினியமா கூட்டுப்பொருளா, வேற என்னென்ன ஆன்டெனா எங்க இருக்கு, இவ்வளவும் எழுதி அனுப்புங்க, அப்புறம் பேசலாம்.

ஏடிஎஃப் (பழைய ரேடியோ திசைகாட்டி) ஆன்டெனாவ கழட்டுன ஓட்டையிலயே இத போட்டுடலாம், வேலை மிச்சம்னு ஷாப்ல சொல்றாங்க. சரியா?

சரியில்ல. இத நான் எத்தன வருஷமா கத்திட்டு இருக்கேன்னு எனக்கே தெரியல. ஓட்டை எங்க இருக்கோ அது ஆன்டெனாவுக்கு நல்ல இடம்னு யார் சொன்னது? இந்த ஆன்டெனாவுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா ரெண்டு லூப் இருக்கு, சுமார் 50 கிலோஹெர்ட்ஸ்ல வர்ற காந்தப்புலத்த அது பிடிக்குது, அதுக்கு 100 மைல் தாண்டி வெட்டுற மின்னலும் ஒண்ணுதான், ரெண்டு அடி தள்ளி இருக்கற ஸ்ட்ரோப் (பளிச் பளிச்னு மின்னுற லைட்) பவர் சப்ளையும் ஒண்ணுதான். அதோட உங்க பிளேனோட தகடுதான் பாதி சாமானுக்கு கிரவுண்ட் வயர், ஆல்டர்னேட்டர் கரண்ட் மொத்தமும் அது வழியாதான் திரும்பி ஓடுது, எந்த தகட்டுல அதிகமா ஓடுதுன்னு வெளிய நின்னு பாத்தா யாருக்கும் தெரியாது. நாலு இஞ்ச் நகத்துனா நிலைமையே மாறிடும்.

பைப்பர் ஆர்ச்சர்னு ஒரு சின்ன பிளேன் என்கிட்ட வந்துச்சு. வேற ஒரு ஷாப்ல பழைய ஓட்டையில மாட்டி அனுப்பியிருக்காங்க. வானம் சுத்தமா நீலம், திரையில மட்டும் ஒரே பக்கமா புள்ளி குவியுது. ஸ்ட்ரோப ஆஃப் பண்ணேன், நின்னுச்சு. வால் பக்கம் உள்ள இருந்த பவர் சப்ளைக்கு நேர் கீழ ஆன்டெனா. அந்த ஓனர் ரெண்டு சீசனா அந்த பக்கத்த கண்டுக்காமயே பறந்துட்டு இருந்திருக்கார், "அது எப்பவும் அப்படித்தான் காட்டும்"னு என்கிட்டயே சொன்னார். நிஜமாவே அந்த பக்கம் இடி இருந்திருந்தா? இத நினைச்சா எனக்கு இன்னும் வயித்த கலக்குது.

செய்ய வேண்டியது அரை நாள் வேலை. ஆன்டெனாவ தற்காலிகமா டேப் போட்டு ஒட்டுங்க, பிளேன ஹேங்கர விட்டு வெளிய இழுங்க (ஹேங்கர் டியூப்லைட்டும் கரண்ட் லைனுமே ஆயிரம் பொய் சொல்லும்), இன்ஜின ஓட்டி ஆல்டர்னேட்டர், ஸ்ட்ரோப், பம்ப், ஃப்ளாப், ஆட்டோபைலட் டிரிம் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா போட்டு பாருங்க. சத்தம் (திரையில பொய்ப் புள்ளி) வந்தா இடத்த மாத்தி ஒட்டி மறுபடி பாருங்க. அந்த டெஸ்ட பண்ண மாட்டேன்னு சொல்ற ஷாப்ல வண்டிய விடாதீங்க.

வலது பக்கம் இடி தெரியுது, திரையில இடது பக்கம் காட்டுது.

வயித்துல மாட்டிட்டு, மேல மாட்டுனதாவே செட்டிங்க விட்டிருக்காங்க. அந்த செட்டிங்க மாத்துற ஜம்பர (சின்ன இணைப்பு) மாத்த சொல்லுங்க.

டவர்கிட்ட பேசும்போதெல்லாம் புள்ளி வருது.

மைக் பட்டன அமுக்குனா ஸ்டார்ம்ஸ்கோப் காத மூடிக்கணும், அதுக்கு ஒரு வயர் இருக்கு, உங்களுதுல அத இணைக்கல போல. இணைச்சும் வந்தா காம் ஆன்டெனா ரொம்ப பக்கத்துல இருக்கு. டேப் போட்டு பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

டாக்ஸிவேல ஒரே இடத்துல மட்டும் புள்ளி தெறிக்குது.

தரைக்கடியில கேபிள் போகுது. மேல போனா வராது, விட்டுடுங்க.

கூட்டுப்பொருள்ல நானே கட்டுன பிளேன். அலுமினிய தகடே இல்லையே?

ஆன்டெனாவுக்கு அடியில கிரவுண்ட் பிளேன், அதாவது தகடுக்கு பதிலா ஒரு உலோகப் பரப்பு, நீங்கதான் அமைக்கணும். அளவு உங்க மாடல் மேனுவல்ல இருக்கும், குத்துமதிப்பா வெட்டாதீங்க. உலோக தகடு மறைப்பு இல்லாததால உள்ள ஓடுற வயர் சத்தமும் அதிகமா கேக்கும், டேப் டெஸ்ட் உங்களுக்கு ரெட்டிப்பு அவசியம்.

நல்ல இடத்துல மாட்டிட்டா ரெண்டு இடி மேகத்துக்கு நடுவுல புகுந்து போலாமா?

கூடாது. திசைய நல்லா சொல்லும், தூரத்த சிக்னல் பலத்த வச்சு கணக்கு போட்டுதான் சொல்லும். பலமான மின்னல் கிட்ட இருக்கற மாதிரியும், லேசானது தள்ளி இருக்கற மாதிரியும் தெரியும், அதனாலதான் புள்ளிங்க கோடா இழுத்துட்டு நிக்குது. கடுமையான இடி மேகத்துக்கு 20 மைல் விட்டு சுத்துங்க. ரெண்டுக்கு நடுவுலன்னா 40 மைல் இடைவெளி வேணும்.

ஆன்டெனாவுக்கு அடியில இருக்கற பெயிண்ட சுரண்டணுமா?

சுரண்டணும், பளபளன்னு உலோகம் தெரியணும். போல்ட் இறுக்குனதும் மில்லியோம் மீட்டர் வச்சு அளந்து பாருங்க, சில மில்லியோமுக்கு மேல போனா கழட்டி மறுபடி சுத்தம் பண்ணுங்க. அப்புறமா ஓரத்துல சீலன்ட் போடுங்க, தண்ணி உள்ள போனா ரெண்டே மழையில அரிச்சிடும்.