அறக்கட்டளையும் கேணியும்

அன்புள்ள அக்கா,

நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன். இசை, கூத்து, நூல் வெளியீடு என்று இயங்கும் ஒரு பண்பாட்டு அறக்கட்டளையின் நிர்வாகசபையில் இந்த வருடம் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். காசு அனுப்பும் வெளிநாட்டு உறவுகள் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு பேண்தகு கொள்கை எழுதித் தரச் சொல்கிறார்கள். மண்டபத்துக்குச் சோலர், வட்சப்பில் மட்டும் அழைப்பிதழ், வருடம் ஆயிரம் மரக்கன்று என்று எழுதி வைத்திருக்கிறோம். இது போதுமா? பண்பாட்டு அமைப்புக்கு இந்த வேலை எதற்கு என்றும் சபையில் சிலர் கேட்கிறார்கள்.

கோண்டாவில் வாசகர்

அன்புள்ள தம்பி,

சோலர் போடும். அழைப்பிதழ் எப்படிப் போனாலும் சரி. ஆயிரம் மரக்கன்றை மட்டும் வெட்டிவிடும். மேடையில் கன்று கொடுத்துப் படம் எடுக்கிற கூட்டங்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பங்குனி வெயிலில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எந்த அறிக்கையிலும் இருப்பதில்லை. பத்துக் கன்று போதும், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆளின் பெயரை எழுதி வையும்.

என்னை உலுப்பியது உம்முடைய கடைசி வரி. அப்படிக் கேட்டவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் பழைய தெருக்களில் ஒருக்கால் நடந்து வாரும். வழிப்போக்கருக்கு மடம், பக்கத்தில் கிணறு, சுமைதாங்கி, மாடு குடிக்கத் தொட்டி, அது உடம்பு உரஞ்ச ஆவுரோஞ்சிக்கல். கோயிலுக்கு மணி செய்து கொடுத்த அதே கைதான் கேணியும் வெட்டியது. தண்ணீரைப் பார்ப்பது பண்பாட்டு வேலை இல்லையென்றால் வேறு எது?

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. சாதி பார்த்து, அந்தக் கிணறுகளில் எல்லாரையும் அள்ள விடவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரையும் உள்ளே விடச் சொல்லி 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டம் எல்லாருக்கும் தெரியும். கிணற்றடிகளில் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. உங்கள் மண்டபக் கிணற்றில் ஊர் முழுக்க வந்து அள்ளலாம் என்பதைக் கொள்கையின் முதல் வரியாக எழுதும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயில் கேணியை ஆவணி வெயிலில் இறைப்பார்கள். அடி தெரியத் தொடங்கியதும் கறுத்த சேற்றைக் கடகத்தில் அள்ளிக் கைமாற்றி மேலே கொண்டுவருவார்கள். அழுகின தாமரைத் தண்டின் மணம் ஒழுங்கை முழுக்க நிற்கும். வெங்காயத் தோட்டக்காரர் அந்த மண்ணுக்காக வண்டிலோடு காத்திருப்பார்கள். விராலையும் கெளிறையும் வாளியில் பிடித்து வைத்திருந்து, ஊற்றுத் தண்ணீர் ஊறியதும் திரும்ப விடுவது பிள்ளைகள் எங்களுடைய வேலை. மத்தியானம் எல்லாருக்கும் பனையோலைப் பிளாவில் கூழ். இதை யாரும் சுற்றுச்சூழல் என்று சொல்லவில்லை. இன்று அதே கேணியைச் சுற்றிக் கம்பி வேலியும் உபயகாரரின் பளிங்குப் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. மழைத் தண்ணீர் வந்துசேரும் வாய்க்காலுக்கு மேல் கொங்கிறீற் போட்டு வாகனம் விடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். அது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. உம்முடைய கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படை அந்தக் கல்தான். கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. தோட்டத்து யூரியாவும் மலக்குழித் தண்ணீரும் அதன் வழியே கிணற்றுக்கு வந்துவிடும். அவற்றிலிருந்து வருகிற நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டிவிட்டன. சுன்னாகத்தில் நிலத்தடித் தண்ணீரில் கழிவு எண்ணெய் கலந்த பிறகு சனம் தாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டுக் கிணற்றையே மூடிவைத்துவிட்டு தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்றது. அதற்குப் பிறகுமா ‘எங்களுக்கு எதற்கு’ என்று கேட்கிறார்கள்?

மண்டபக் கூரையில் இருந்து தொடங்கும். 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். ஒரு வருட மழையில் பாதியைப் பிடித்தாலே 60,000 லீற்றர். இப்போது அது முற்றத்தில் விழுந்து தெருக்கானால் கடலுக்குப் போகிறது. கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கப் பீலி வைத்து, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டு, மிச்சத்தை மணலும் சல்லியும் போட்ட தொட்டியால் வடித்துக் கிணற்றுக்குள் இறக்கும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று அளந்திருக்கிறீரா? அடி திறந்த குழியென்றால், அடியும் சுவரும் கட்டிய தொட்டியாக மாற்றும். சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போகட்டும். பிறகு ஊரில் தூர்ந்துபோன ஒரு குளத்தை எடும். ஒன்றே ஒன்று. வரத்து வாய்க்காலைத் திறந்து, வருடா வருடம் தூர்வாரும். சேறு அள்ளுகிற அன்று கரையிலேயே கூத்து வையும்.

பிளாஸ்ரிக் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். பிளாஸ்ரிக் மாலை, ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி எல்லாம் இலங்கையில் 2023 ஒக்ரோபரில் இருந்து சட்டப்படியே தடை. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதைப் பெருமையாகக் கொள்கையில் எழுத வேண்டாம்.

கொள்கை இரண்டு பக்கம் போதும். உறவுகளுக்கு அனுப்புகிற கணக்கறிக்கையில் இசைவிழாச் செலவுக்கு அடுத்த வரியில் குளப் பராமரிப்பு என்று ஒரு தொகை வரட்டும். சபையில் யாரும் முகம் சுளித்தால் எனக்கு எழுதும், நானே வந்து பேசுகிறேன். ஐப்பசி நெருங்கினால் மேசன்மார் கிடைக்கமாட்டார்கள், பீலிக்கு இப்பவே ஆளைப் பிடியும்.

அன்புடன்,
அக்கா