வாசலில் உட்கார்ந்து டியூ கேட்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: பத்துப் பேர் சேர்ந்து குழுக்கடன் வாங்கினோம். அதில் ஒருத்தி கட்ட முடியாமல் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள். அவள் டியூவையும் நாங்களே கட்ட வேண்டும் என்று, வசூலுக்கு வரும் தம்பி ராத்திரி எட்டரை வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். என் ரேஷன் கார்டையும் வாங்கி வைத்திருக்கிறார். இது சரியா? (புதுக்கோட்டை மாவட்ட வாசகி)

பதில்: சரியே இல்லை. முதலில் ரேஷன் கார்டைத் திரும்பக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு நிறுவனங்கள் தருகிற இந்த மாதிரிக் குறுங்கடன், ஈடு இல்லாத கடன். அரிசி வாங்குகிற அட்டையைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அடுத்து, வாசலில் உட்காருவது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் இருந்தால்தான் வசூலிப்பவர் வீட்டுக்கு வரலாம். காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரையும் தொந்தரவு செய்யக் கூடாது. ராத்திரி எட்டரைக்கு அவருக்கு உங்கள் வாசலில் வேலையே இல்லை.

திருப்பூர் போனவருடைய கடன் விஷயத்தில் உங்களுக்கு இனிப்பான பதில் சொல்ல முடியவில்லை. கூட்டுப் பொறுப்பு என்று பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால், நிறுவனம் உங்களிடம் கேட்கலாம். ஆனால் அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. போலீஸை வைத்துக் கைது செய்வோம் என்று சொன்னால் அது வெறும் மிரட்டல். டியூ கட்டாததற்காக மட்டும் கைது செய்ய முடியாது. எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பார்க்க, ஒப்பந்த நகலை எழுத்தில் கேளுங்கள்.

லோன் கார்டை எடுத்து ஒரு தடவை பாருங்கள். ஒரு அம்மா என்னிடம் கொண்டு வந்த கார்டில் கடைசி நாலு வாரக் கட்டங்கள் காலியாக இருந்தன. பணம் கட்டியிருந்தார், கையெழுத்து வாங்கவில்லை. நாலு வாரக் காசு எங்கே போனது என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றுமே இல்லை. கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். காப்பீட்டுக்கு என்று உங்கள் சம்மதம் இல்லாமல் பிடித்திருக்கிறார்களா, அபராதத்தைத் தவறிய தவணைக்கு மட்டும் போடாமல் மொத்தக் கடனுக்கும் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக்கடன் தரக் கூடாது. 14,000 வருகிற வீட்டில் 7,000-தான் எல்லை. தாண்டித் தந்திருந்தால் அது நிறுவனத்தின் தவறு, புகாரில் எழுதுங்கள். தயவுசெய்து இந்த டியூவைக் கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்காதீர்கள்.

புகார் முதலில் நிறுவனத்துக்கு, எழுத்தில். தேதி, நேரம், வந்தவர் பெயர், சொன்ன வார்த்தை எல்லாம் அதில் இருக்கட்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

பணம் தந்தது கம்பெனி இல்லை, பதிவே இல்லாத தண்டல்காரர் என்றால் வழி வேறு. அதற்கு 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டமும், கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கின்றன. நேரே காவல் நிலையம் போகலாம்.

தனியாக எழுதப் பயமாக இருந்தால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் வக்கீல் இலவசம். 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். மீதி எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் வாசலிலும் அதே தம்பிதான் உட்காருகிறார்.