சார்ஜ்மேன் பதில்கள்: அழுக்கு வோல்ட்டேஜை எப்படி நம்புவது?

கேள்வி: ஐயா, நான் செம்பனை ஆலையில் சார்ஜ்மேன் (மின்சாரப் பொறுப்பாளர்). பாய்லர் ஃபேனுக்கும் பிரஸ்ஸுக்கும் மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் போட்டதிலிருந்து கெப்பாசிட்டர் பேங்க் உறுமுகிறது. மூன்று மாதத்தில் இரண்டு கெப்பாசிட்டர் உப்பிவிட்டன. தெனாகா (மின் வாரிய) லைனில் வோல்ட்டேஜ் டி.எச்.டி., அதாவது அலை நெளிந்திருக்கும் அளவு, 4 விழுக்காடு, சொந்த டர்பைனில் ஓடும்போது 9. ஆக்டிவ் ஃபில்டர் வாங்கப் போகிறோம். அதில் பி-கியூ, டி-கியூ என்று இரண்டு கன்ட்ரோல் முறை இருக்கிறதாம். எதை வைப்பது? (வாசகர், பெஸ்தாரி ஜெயா)

பதில்: தம்பி, ஊருக்குப் பெயர் மாறினாலும் எனக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நல்ல வேளை, இரண்டு நிலையிலும் அளந்து எழுதியிருக்கிறீர்கள். பதிலே அந்த 4-க்கும் 9-க்கும் நடுவில்தான் இருக்கிறது.

இன்வெர்ட்டரின் முகப்பில் இருக்கும் ஆறு டயோடுகள் கரண்டை ஒரே சீராக இழுப்பதில்லை, கடித்துக் கடித்து இழுக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸோடு அதன் மடங்குகளான 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ் கரண்டும் சேர்ந்து ஓடுகிறது. இவைதான் ஹார்மோனிக், நம் பேச்சில் அழுக்கு. லயத்து வீடுகளில் காலையில் எல்லாரும் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் தண்ணீர் நூல் போல வருமே, அதேதான் இங்கேயும். தெனாகா லைன் பெரிய குழாய். நாரும் ஓடும் எரித்து ஓடுகிற உங்கள் டர்பைன் சின்னக் குழாய். அழுக்குக் கரண்டு அதேதான், ஆனால் ஜெனரேட்டரின் இம்பிடன்ஸ் (உள்ளே இருக்கும் தடை) அதிகம் என்பதால் வோல்ட்டேஜ் கூடுதலாக நெளிகிறது. 1000 வோல்ட்டுக்குள் 8 விழுக்காடு வரைதான் இருக்கலாம் என்கிறது மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 519 விதி, 2014 பதிப்பு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

இப்போது கன்ட்ரோலுக்கு வருவோம். பி-கியூ முறையை 1983-இல் ஜப்பானில் அக்காகி, கனசாவா, நபே மூவரும் கொண்டுவந்தார்கள். அந்தந்தக் கணத்தின் வோல்ட்டேஜையும் கரண்டையும் பெருக்கிப் பவரைக் கணக்கிடுவார்கள். அதில் அசையாமல் நிற்கும் பகுதி மோட்டாருக்கு வேண்டியது, ஆடுகிற பகுதி அழுக்கு. ஆடுவதற்கு எதிரான கரண்டை ஃபில்டர் உள்ளே செலுத்தும். அருமையான கணக்கு, வோல்ட்டேஜ் சுத்தமாக இருக்கும் வரைக்கும். வோல்ட்டேஜே நெளிந்திருந்தால் பெருக்கிய விடையில் அந்த நெளிவும் கலந்துவிடும், கரண்டில் இல்லாத அழுக்கையும் சேர்த்து ஃபில்டர் துடைக்கப் போகும். டர்பைனில் உங்கள் நிலைமை இதுதான். ஆகவே பி-கியூ வேண்டாம்.

டி-கியூ வையுங்கள். அதன் வேர் 1929-இல் பார்க் என்ற பொறியாளர் மின் இயந்திரங்களுக்காகப் போட்ட கணக்கு. மாரியம்மன் திருவிழா ராட்டினத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே சுற்றுகிறவர் உங்கள் கண்ணுக்கு அசையாமல் இருப்பார், மற்றவர்கள் எல்லாம் ஓடுவார்கள். 50 ஹெர்ட்ஸோடு சுற்றியபடி பார்த்தால் நல்ல கரண்டு நேர்கோடாக நிற்கும், அழுக்கு மட்டும் துடிக்கும். எதிர்ப்பக்கம் சுற்றும் 5-ஆம் ஹார்மோனிக்கும் (250 ஹெர்ட்ஸ்) நம் பக்கமே சுற்றும் 7-ஆம் ஹார்மோனிக்கும் (350 ஹெர்ட்ஸ்) அங்கே இரண்டுமே 300 ஹெர்ட்ஸாகத் தெரியும். ஒரே கன்ட்ரோலரால் இரண்டையும் பிடித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் ராட்டினத்தின் வேகத்தைச் சொல்வது பி.எல்.எல். என்னும் பகுதி. பழக்குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்கு நீராவி திறக்கும்போது பாய்லர் பிரஷர் இறங்கி டர்பைன் தளர்ந்தால் 50 ஹெர்ட்ஸ் 49.5 ஆகும். 7-ஆவது அப்போது 350-இல் இருக்காது, 346.5-க்குப் போய்விடும். அதையும் பின்தொடருமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கணக்கிட்ட கரண்டை ஸ்விட்சுகளால் உண்டாக்கும் கடைசிக் கட்டத்தில், கரண்டு எல்லையைத் தாண்டினால் உடனே ஸ்விட்சை மாற்றும் ஹிஸ்டரிசிஸ் முறை வேகமானது, ஆனால் ஸ்விட்சிங் வேகம் அலைபாயும். துடிப்பின் அகலத்தை மட்டும் மாற்றும் நிலையான வேகத்து பி.டபிள்யூ.எம். போதும். வோல்ட்டேஜையே நேராகத் திருத்தும் தொடர் ஃபில்டரும் உண்டு. அழுக்கு உங்கள் இன்வெர்ட்டரிலேயே பிறக்கும்போது அதற்குத் தேவையில்லை.

இதற்கெல்லாம் முன்னால் கெப்பாசிட்டரைக் காப்பாற்றுங்கள். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.85-க்குக் கீழே போனால் தெனாகா கூடுதல் கட்டணம் போடும், அதனால் அதை உயர்த்தி வைக்கும் பேங்கைக் கழற்ற முடியாது. கெப்பாசிட்டரோடு தொடராக 7 விழுக்காடு ரியாக்டர் (சுருள்) சேருங்கள். ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், 250 அதை உலுக்காது. ஃபில்டரின் சி.டி. (கரண்டை அளக்கும் வளையம்) லோடை மட்டும் பார்க்க வேண்டும், கெப்பாசிட்டர் கரண்டைப் பார்க்கக் கூடாது.

சி.டி. என்றதும் ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. நான் வேலை செய்த ஓர் ஆலையில் புது ஃபில்டரைப் போட்டோம். உறுமல் குறையும் என்று காத்திருந்தால் கூடியது. கெப்பாசிட்டர் டப்பாவின் மூடி கண்ணெதிரே எழும்பியது. ஓடிப் போய் அணைத்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு ஃபேஸில், மின்சாரம் வரும் பக்கம் பார்க்க வேண்டிய சி.டி.யின் பி1 முகம் திரும்பி இருந்தது. அந்த ஃபேஸில் ஃபில்டர் அழுக்கைக் கழிக்காமல் கூட்டிக்கொண்டிருந்தது. அதனால், தம்பி, ஃபில்டரை ஆன் செய்வதற்கு முன் ஒரு பெரிய மோட்டாரை ஓட்டி, மூன்று ஃபேஸிலும் கிலோவாட் பிளஸ்ஸாகக் காட்டுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கான்ட்ராக்டர் பார்த்தாராம் என்று யார் சொன்னாலும் சரி.

கேள்வி: வீட்டு பிளக்கில் சொருகினால் மின்சாரத்தைச் சுத்தப்படுத்தி பில்லைக் குறைக்கும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா ஐயா? (இல்லத்தரசி, தெலுக் இந்தான்)

பதில்: வேண்டாம் அம்மா. இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும்தான் இருக்கும். வீட்டு பில் கிலோவாட்-மணிக் கணக்கில் வருவதால் கெப்பாசிட்டர் அதைக் குறைக்காது. அந்தப் பணத்தில் பழைய ஃபிரிட்ஜின் கதவு ரப்பரை மாற்றுங்கள்.